ஸ்டீஃபன் ஃபோர்ப்ஸ்: ஏரியைப் பற்றி எழுதிய குதிரைப்படை வீரர்

கேள்வி இதுதான்: "அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் குதிரைப் படையில் இருந்த, மத்திய மேற்குப் பகுதியில் நிலம் திருத்திக் குடியேறிய குடும்பத்து ஆள் யாராவது படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார்களா? தளபதிகளின் சுயசரிதை வேண்டாம். அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்."

எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மிச்சிகனைச் சேர்ந்த ஜேம்ஸ் கிட் எழுதிய நினைவுக் குறிப்பு இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ள எல்லோருக்கும் தெரியும். பெயர்பெற்ற குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் கீழ் இருந்தவர் என்பதால் அந்தப் புத்தகத்துக்கு எப்போதும் வாசகர்கள் உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது போர்ப் புத்தகங்களின் பட்டியலில் பெரும்பாலும் வராத ஒருவரை. ஸ்டீஃபன் ஆல்ஃபிரட் ஃபோர்ப்ஸ். இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். 17 வயதில் ஏழாவது இல்லினாய் குதிரைப் படையில் சேர்ந்தார். போருக்குப் பிறகு பூச்சி, மீன், பறவை என்று ஆராய்ந்து, உயிரினச் சூழலியல் என்ற துறைக்கு அமெரிக்காவில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார். போரைப் பற்றி அவர் எழுதியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் 1887இல் ஏரியைப் பற்றி எழுதிய கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே ஆளின் கண்தான் இரண்டையும் பார்த்திருக்கிறது என்று புரியும். யார் எதை நம்பி நிற்கிறார்கள், எது நகர்ந்தால் எது நகர்கிறது என்று பார்க்கிற கண் அது.

முதலில் குடும்பம். இல்லினாயின் வடக்கு ஓரத்தில், விஸ்கான்சின் எல்லைக்குப் பக்கத்தில் ஸ்டீஃபென்சன் கவுண்டி இருக்கிறது. அங்கே சில்வர் கிரீக் என்ற இடத்தில் 1844 மே 29 அன்று பிறந்தார். 1832இல் பிளாக் ஹாக் போர் நடந்து, சாக், மெஸ்குவாக்கி பழங்குடியினர் மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டப்பட்ட பிறகுதான் அந்தப் பகுதியில் வெள்ளைக் குடியேறிகள் பெருகினார்கள். "காலி நிலத்தில் உழைத்து முன்னேறினார்கள்" என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அந்த நிலம் காலியாக இருக்கவில்லை, காலி செய்யப்பட்டது. ஃபோர்ப்ஸ் குடும்பம் அந்த அலையில் வந்ததுதான்.

புல்வெளியை உழுது, கடன் வாங்கிப் பண்ணை நடத்துகிற வாழ்க்கை. ஸ்டீஃபனுக்குப் பத்து வயதானபோது, 1854இல், தந்தை இறந்துவிட்டார். அண்ணன் ஹென்றி அவரைவிடச் சுமார் 11 வயது மூத்தவர். வீட்டைவிட்டுப் போய்த் தன் காலில் நின்றுகொண்டிருந்த ஹென்றி, திரும்பி வந்து பண்ணையையும் அம்மாவையும் தம்பி தங்கையையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். தம்பிக்குப் பிரெஞ்சு படிக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பக்கத்து மாநிலத்தில் பெலாய்ட் என்ற ஊரில் இருந்த பள்ளிக்குத் தம்பியைக் கொஞ்ச காலம் அனுப்பியும் வைத்தார். ஸ்டீஃபனின் முறையான படிப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். பிற்பாடு அவர் பட்டப்படிப்பு முடிக்காமலே முனைவர் ஆனதைச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

1861இல் போர் வந்ததும் அண்ணன் தம்பி இருவரும் ஏழாவது இல்லினாய் குதிரைப் படையின் பி கம்பெனியில் சேர்ந்தார்கள். ஹென்றி பிறகு அந்தக் கம்பெனிக்கே கேப்டன் ஆனார். மறு வருஷம், 1862இல், மிசிசிப்பி மாநிலத்தின் கொரிந்த் நகரை வடக்குப் படை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். செய்தி கொண்டுபோன ஸ்டீஃபன் தெற்குப் படையிடம் பிடிபட்டார். நான்கு மாதச் சிறை. அங்கே உட்கார்ந்து கிரேக்கம் படித்தார் என்பது அவர் வாழ்க்கையை எழுதுகிற எல்லோரும் சொல்கிற செய்தி. விடுதலையானபோது ஸ்கர்வியும் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) மலேரியாவும் பிடித்து, மூன்று மாதம் மருத்துவமனையில் கிடக்க வேண்டியிருந்தது. அப்புறமும் படைக்கே திரும்பினார். இருபது வயதில் கேப்டன். நீங்கள் தளபதி வேண்டாம் என்றீர்கள். இவர் மேலிருந்து வரைபடத்தைப் பார்த்தவர் இல்லை, சேணத்தில் உட்கார்ந்து தூசி தின்றவர், அதனால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

இப்போது அவர் எழுதிய போருக்கு வருவோம். 1907இல், தனக்கு 62 வயதானபோது, இல்லினாய் மாநில வரலாற்றுச் சங்கத்தில் கிரியர்சன் படையெடுப்பைப் பற்றி ஓர் உரை வாசித்தார். அது அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. கட்டுரையை ரசிக்க அந்தப் படையெடுப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1863 வசந்தம். மிசிசிப்பி ஆற்றில் தெற்குத் தரப்பின் கையில் இருந்த பெரிய கோட்டை விக்ஸ்பர்க். அதை எப்படியாவது பிடிக்க வேண்டும் என்று வடக்குத் தரப்புத் தளபதி கிராண்ட் முட்டிமோதிக்கொண்டிருந்தார். ஆற்றின் மேற்குக் கரையில் படையைக் கீழே இறக்கி, கோட்டைக்குத் தெற்கே ஆற்றைக் கடப்பது அவர் திட்டம். அந்த நேரத்தில் எதிரியின் கவனம் வேறு எங்காவது இருந்தால் நல்லது. அதற்காக அனுப்பப்பட்டவர் கர்னல் பெஞ்சமின் கிரியர்சன். இவரும் இல்லினாய்க்காரர்தான். தொழில் இசை ஆசிரியர், நடத்திய வியாபாரம் நொடித்தவர். எட்டு வயதில் ஒரு குதிரை முகத்தில் உதைத்ததால் குதிரை என்றாலே பிடிக்காது. அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய்க் குதிரைப் படையில் போட்டார்கள், அவர்தான் அந்தப் போரின் மிகப் பெயர்பெற்ற குதிரைப்படை ஊடுருவல்களில் ஒன்றை நடத்தினார்.

ஏப்ரல் 17 அன்று டென்னசியின் லா கிராஞ்சிலிருந்து சுமார் 1,700 பேர் கிளம்பினார்கள். ஆறாவது, ஏழாவது இல்லினாய்ப் படைகளும் இரண்டாவது அயோவா படையும். அயோவா படை வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. மற்றவர்கள் மிசிசிப்பி மாநிலத்தை வடக்கிலிருந்து தெற்காக ஊடுருவி, 16 நாளில் சுமார் 600 மைல் போய், மே 2 அன்று லூசியானாவில் வடக்குத் தரப்பின் கையில் இருந்த பேட்டன் ரூஜுக்குள் நுழைந்தார்கள். வழியில் நியூட்டன் ஸ்டேஷனில் ரயில் பாதையைப் பிய்த்தார்கள், தந்திக் கம்பிகளை அறுத்தார்கள், சரக்கு வண்டிகளைக் கொளுத்தினார்கள். கிரியர்சன் தன் அறிக்கையில் கொடுத்த கணக்குப்படி அவர் தரப்பில் செத்தவர்கள் மூன்றே பேர். ஏப்ரல் 30 அன்று கிராண்டின் படை ஆற்றைக் கடந்து இறங்கியது. மாநிலத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்த கிரியர்சனைத் துரத்துவதற்காக எதிரி தன் குதிரைப் படையைச் சிதறடித்திருந்தான்.

ஃபோர்ப்ஸின் கட்டுரையில் இருக்கிற அழகு, இந்த மொத்தக் கதையையும் அவர் வீரக்கதையாகச் சொல்லாததுதான். நல்ல குதிரைப்படை ஊடுருவல் என்பது அடிப்படையில் தந்திரமும் வேகமும் சேர்ந்த ஒரு விளையாட்டு, அடிதடி அதில் இடையில் வந்து சேர்கிற ஒரு சிக்கல், அவ்வளவுதான் என்கிறார். விளையாட்டுக்கு ஓரளவு விதிகளும் உண்டு. வேறு வழியில் ஜெயிக்க முடியாவிட்டால் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்வதை அந்த விதிகள் தடுப்பதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்த வறண்ட நகைச்சுவை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சிப்பாய் நாற்பத்து நான்கு வருஷம் கழித்துத் தன் இளமையைப் பார்க்கிறார், மார்பு தட்டிக்கொள்ளவில்லை.

அவருடைய பி கம்பெனியின் கதை அந்தக் கட்டுரையின் உயிர். ஏப்ரல் 22 அன்று, கேப்டன் ஹென்றி ஃபோர்ப்ஸைச் சுமார் 35 பேரோடு தனியாகப் பிரித்து, கிழக்கே ஓடும் மொபீல்–ஓஹையோ ரயில் பாதையை நோக்கி அனுப்பினார் கிரியர்சன். மொத்தப் படையும் அந்தப் பக்கம்தான் வருகிறது என்று எதிரி நம்ப வேண்டும். மேக்கன் என்ற ஊர் வரை போனார்கள். அங்கே எதிரிப் படை காத்திருந்ததால் ஊருக்குள் போகாமல் திரும்பினார்கள். பிறகு என்டர்பிரைஸ் என்ற ஊருக்குப் போனால், அங்கேயும் தங்களைவிடப் பல மடங்கு பெரிய படை. ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. ஹென்றி வெள்ளைக் கொடியைத் தூக்கிக்கொண்டு போய், கிரியர்சனின் பெயரால் ஊரைச் சரணடையச் சொன்னார்! எதிர்த் தரப்புக் கர்னல் யோசிக்க ஒரு மணி நேரம் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முப்பத்தைந்து பேரும் நழுவிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கிரியர்சனைப் பிடிக்க வேண்டுமே. அவர் தாண்டிய ஆற்றுப் பாலங்களையெல்லாம் எரித்துக்கொண்டே போகிறார், துரத்துகிறவர்களைத் தடுக்க. இப்போது துரத்துவது அவருடைய ஆட்களே. தூக்கம் இல்லாமல் குதிரை ஓட்டி, கடைசியில் வேகமாகப் போகக்கூடிய மூன்று பேரை முன்னால் அனுப்பி, ஸ்ட்ராங் ஆற்றுப் பாலத்துக்குத் தீ வைக்கிற நேரத்தில் நிறுத்தினார்கள். தன் பாலத்தைத் தானே எரித்துக்கொள்ள அனுமதி தரும்படி கேப்டன் ஃபோர்ப்ஸ் கேட்டுக்கொள்கிறார் என்பதுதான் அவர்கள் கொண்டுபோன செய்தியாம். பிரிந்து ஐந்தாவது நாள், செத்துப்போனார்கள் அல்லது பிடிபட்டார்கள் என்று மற்றவர்கள் நினைத்துவிட்ட பிறகு, கம்பெனி திரும்ப வந்து சேர்ந்தது. ஸ்டீஃபனுக்கு அப்போது 19 வயதுகூட முடியவில்லை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது சாகசத்தை இல்லை. முப்பத்தைந்து பேர் கிழக்கே ஓடியதற்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. ஒரு பாலத்தைக்கூட அவர்கள் பிடிக்கவில்லை, தண்டவாளத்தைத் தொடவில்லை. தனியாக எடுத்துப் பார்த்தால் தோல்வி. ஆனால் மொத்தப் பலகையில் வைத்துப் பார்த்தால், எதிரியின் படைகள் ரயில் பாதையைக் காக்கக் கிழக்கே குவிந்தன, முக்கியப் படை தெற்கே தப்பித்தது, இன்னும் மேற்கே கிராண்ட் ஆற்றைக் கடந்தார். ஃபோர்ப்ஸ் இந்தத் தொடர்பைத்தான் எழுதுகிறார். ஒரு துண்டின் பொருள் முழுமைக்குள் மட்டுமே இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். "விளையாட்டு" என்ற பார்வை அந்த ஊடுருவலுக்குப் பொருந்துகிறது, போருக்குப் பொருந்தாது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் டென்னசியில் ஷைலோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் இரண்டே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து 23,000 பேருக்கு மேல் இறந்தோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள். மிசிசிப்பியில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களில் பலர், இந்தக் குதிரைப் படையைப் பார்த்ததும் கிடைத்த கோவேறு கழுதையில் ஏறிப் பின்னாலேயே பேட்டன் ரூஜ் வரை போனார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை, ஜென்ம விடுதலை. படையெடுப்பை ஆட்டமாகப் பார்க்கிற கண்ணுக்கு இவர்கள் ஓரத்தில்தான் தெரிவார்கள். படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

போர் முடிந்து 1865இல் வீடு திரும்பியவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சிகாகோவின் ரஷ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், முடிக்கவில்லை. பணம் இல்லை, வைத்தியத் தொழிலில் மனமும் ஒட்டவில்லை. தெற்கு இல்லினாய்க்குப் போய் ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டார், பள்ளிக்கூடங்களில் வாத்தியார் வேலை பார்த்தார். அந்த வருஷங்களில்தான் காடு மேடெல்லாம் சுற்றித் தாவரங்களைச் சேகரித்தார். பாறை இடுக்கில் வளரும் ஒரு சிறு செடிக்கு, அதைக் கண்டெடுத்தவர் என்பதால் தாவரவியலாளர் ஜார்ஜ் வேசி இவர் பெயரையே வைத்தார்.

1872இல் நார்மல் என்ற ஊரில் இருந்த மாநில இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் காப்பாளராக ஆனார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜான் வெஸ்லி பவல். கொலராடோ ஆற்றில் படகில் போய்க் கிராண்ட் கேன்யனைக் கடந்த அதே பவல், ஷைலோ போரில் ஒரு கையை இழந்தவர். போர் முடிந்த தலைமுறையின் அமெரிக்க அறிவியலில் எங்கே தட்டினாலும் ஒரு பழைய சிப்பாய் எழுந்து நிற்பார். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

அருங்காட்சியகம் 1877இல் மாநில இயற்கை வரலாற்று ஆய்வகமாக மாறியது, ஃபோர்ப்ஸ் இயக்குநர். 1882இல் மாநிலப் பூச்சியியலாளர் பதவியும் சேர்ந்துகொண்டது. 1884இல் இந்தியானா பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. இளங்கலை கிடையாது, முதுகலை கிடையாது, நேராக முனைவர். அடுத்து அர்பானாவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார், ஆய்வகமும் கூடவே போனது. 1917இல் அது இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வுத் துறையானது. 1930 மார்ச்சில் இறக்கும்வரை அதன் தலைவர் அவர்தான்.

இந்த நீண்ட காலத்தில் அவர் செய்த வேலையின் பெரும்பகுதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் அவர் காலத்தில் விவசாயிகளிடையே ஓயாத சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பறவைகள் பழத்தைத் தின்கிற திருடர்களா, பூச்சியைத் தின்கிற நண்பர்களா? ஆளுக்கொரு கருத்து, ஆதாரம் யாரிடமும் இல்லை. ஃபோர்ப்ஸ் நூற்றுக்கணக்கான பறவைகளின் இரைப்பையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இன்ன மாதத்தில் இன்ன பறவை இதை இவ்வளவு தின்கிறது என்று எழுதிவைத்தார். ஒரு ஆப்பிள் தோப்பில் இலைதின்னிப் புழுக்கள் பெருகியபோது அங்கே போய்ப் பார்த்தார். புழுவைத் தின்பதற்கென்றே பிறந்த பறவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. வழக்கமாக வேறு எதையெதையோ தின்கிற பறவைகள் எல்லாம் தங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு புழுவின் பக்கம் திரும்பியிருந்தன. எது மிதமிஞ்சிப் பெருகுகிறதோ அதன் மேல் எல்லோரும் விழுகிறார்கள், அதனால் அது அடங்குகிறது. 1880களில் இதைக் கணக்கோடு காட்டியவர்கள் ரொம்பக் குறைவு.

மக்காச்சோள வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினியைப் பற்றிய வேலையும் இந்த வகைதான். அசுவினியின் முட்டைகளைக் குளிர்காலம் முழுக்கத் தங்கள் புற்றில் வைத்துக் காப்பது வயல் எறும்புகள். வசந்தத்தில் குஞ்சுகளை வேருக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவையே. அப்படியானால் அசுவினியை ஒழிக்க விரும்புகிற விவசாயி உழவை வைத்து எறும்புப் புற்றைக் கலைக்க வேண்டும். எதிரியை நேராகப் போய் அடிக்காமல் அவனுக்குச் சோறு வருகிற பாதையை அறுப்பது. இந்த இடத்தில் நியூட்டன் ஸ்டேஷன் ரயில் பாதை எனக்கு ஞாபகம் வராமல் இருப்பதில்லை. இருந்தாலும், போர்தான் இவரைச் சூழலியலாளர் ஆக்கியது என்று நேர்க்கோடு போட நான் தயாராக இல்லை. டார்வினையும் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரையும் படித்த தலைமுறை அது. அந்தப் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, ஏரிக்கு வருவோம். 1887 பிப்ரவரி 25 அன்று பியோரியா நகர அறிவியல் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரை அது. ஏரியை ஒரு சிற்றுலகமாகப் பார்ப்பது அதன் பொருள், தலைப்பும் அதுவே. ஒரு சின்ன ஊர்ச் சங்கம், கேட்டவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள். அச்சானதும் அந்தச் சங்கத்தின் சிறு வெளியீட்டில்தான். 1925இல் மறுபடி அச்சிட்ட பிறகு பரவலாகப் படிக்கக் கிடைத்தது. இன்று சூழலியலின் அடிப்படைக் கட்டுரைகளைத் தொகுக்கிறவர்கள் இதை விடுவதில்லை.

தொடக்கத்திலேயே அவர் சொல்வது: ஏரி என்பது சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஓரளவு தனித்து நிற்கிற பழைய உலகம். உள்ளே எல்லா ஆட்டமும் முழுதாக நடக்கிறது, ஆனால் நம் மனதுக்குள் அடங்குகிற அளவில் நடக்கிறது. பிறகு உதாரணத்துக்குக் கறுப்பு பாஸ் மீனை எடுக்கிறார். அந்த மீனைப் பற்றி மட்டும் படித்தால் மீனைத் தெரிந்துகொள்ள முடியாது. அது தின்னும் மீன்கள், அந்த மீன்கள் தின்னும் பூச்சிகளும் நுண்ணிய ஓட்டுயிரிகளும், அதே இரைக்குப் போட்டி போடுகிறவர்கள், இவை எல்லாம் எந்த நிலையில் பிழைக்கின்றன என்பது வரை போக வேண்டும். போய் முடிக்கும்போது ஏரி முழுவதையும் படித்து முடித்திருப்போம் என்கிறார். குஞ்சுப் பருவத்தில் எல்லா மீனும் ஏறக்குறைய ஒரே நுண்ணுயிர்க் கூட்டத்தை நம்பித்தான் வாழ்கின்றன. ஆகவே நீரில் மிதக்கும் தூசி அளவு உயிர்களை வடிகட்டித் தின்னும் மட்டிகள்கூட, பார்க்கப்போனால் பாஸ் மீனுக்குப் போட்டியாளர்கள். சின்னப் பைகளை வைத்துப் பூச்சி பிடிக்கும் ஒரு நீர்ச்செடியையும் இந்தப் போட்டியில் சேர்க்கிறார்.

அப்புறம் ஒரு பத்தி வருகிறது. எத்தனை தடவை படித்தாலும் அங்கே நின்றுவிடுவேன். மனித வரலாற்றின் மிக மோசமான காலங்களில்கூட இதற்கு இணை கிடையாது என்று சொல்லும்படியான கொடும்போட்டி இந்த ஏரியில் இடைவிடாமல் நடக்கிறது என்கிறார். கருணை, பரிவு, பெருந்தன்மை எதுவும் இங்கே கிடையாது. கொள்ளையும் கொலையும் வலியவன் எளியவனை மிதிப்பதும்தான் மாறாத விதி. நல்லவனாக இருந்தால் உடனே சாவு. இவ்வளவையும் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்: இருந்தும் இந்தக் கடுமையிலிருந்தே ஓர் ஒழுங்கு பிறந்திருக்கிறது, அந்தச் சூழ்நிலைக்குள் எல்லாத் தரப்புக்கும் சாத்தியமான அதிகபட்ச நன்மையை அது காக்கிறது. இரையை முழுதாகத் தின்று தீர்த்துவிடுகிற உயிர் தானும் அழியும் என்பதால், தின்கிறவனுக்கும் தின்னப்படுகிறவனுக்கும் கடைசியில் நலன் ஒன்றாகிவிடுகிறது என்பது அவருடைய வாதம்.

"மனித வரலாற்றின் மோசமான காலங்கள்" என்று எழுதியவர் அப்படி ஒன்றுக்குள் நான்கு வருஷம் இருந்தவர். பதினெட்டு வயதில் சிறையில் ஸ்கர்வி பிடித்துக் கிடந்தவர். இந்த வரியை ஒரு பேராசிரியரின் அலங்காரமாக என்னால் படிக்க முடியவில்லை.

அறிவியலாக மட்டும் பார்த்தால், கடைசியில் அவர் சொல்கிற சமநிலையைப் பிற்காலச் சூழலியலாளர்கள் நிறையவே கேள்வி கேட்டார்கள், சரியாகவே கேட்டார்கள். இயற்கை அப்படி அமைதியாக ஒரு புள்ளியில் போய் நிற்பதில்லை. ஃபோர்ப்ஸே அதற்கு எதிர்ச்சாட்சி தருகிறார் என்பதுதான் வேடிக்கை. அதே கட்டுரையில் ஆற்றோர ஏரிகளை விவரிக்கும்போது, வசந்தகால வெள்ளத்தில் நீர் பரந்து மீன் குஞ்சுகள் கணக்கில்லாமல் பெருகுவதையும், நீர் வடிந்ததும் அவை குட்டைகளில் சிக்கிக் கூட்டங்கூட்டமாகச் சாவதையும் எழுதுகிறார். இது சமநிலையா? வருஷா வருஷம் நிலைகுலைந்து மீள்வது. அவருடைய கண் பார்த்தது அவருடைய முடிவுரையைவிடப் பெரியது என்று சொல்வேன். இன்னொன்று: உயிர்க்கூட்டம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் முதலில் சொன்னார் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். ஜெர்மனியில் கார்ல் மோபியுஸ் 1877இலேயே சிப்பிப் படுகைகளை வைத்து இதைச் சொல்லிவிட்டார். ஃபோர்ப்ஸின் பெருமை முதலில் சொன்னதில் இல்லை, எவனும் படித்துப் புரிந்துகொள்ளும்படி சொன்னதில் இருக்கிறது.

ஏரிக் கட்டுரையோடு அவர் நின்றுவிடவில்லை. 1894இல் இல்லினாய் ஆற்றங்கரையில் ஹவானா என்ற ஊரில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். ஆற்றின் மிதவை உயிர்களை அங்கே வருஷக்கணக்கில் எண்ணினார்கள். அதற்குப் பிறகு 1900 ஜனவரியில் சிகாகோ தன் புதுக் கால்வாயைத் திறந்து, மிச்சிகன் ஏரிக்குள் போய்க்கொண்டிருந்த நகரத்துச் சாக்கடையை இல்லினாய் ஆற்றின் பக்கம் திருப்பிவிட்டது. ஆறு எப்படிக் கெட்டது என்று ஃபோர்ப்ஸும் ராபர்ட் ரிச்சர்ட்சனும் மைல் மைலாகப் பதிவு செய்தார்கள். கெடுவதற்கு முன் ஆறு எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்ததால்தான் கெட்டதை நிரூபிக்க முடிந்தது. அரசியல்வாதிகளுக்கு இது பிடித்திருக்காது. ஆனால் அரசாங்க அறிக்கையின் நடையிலேயே, குரலை உயர்த்தாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். இதே இருவரும் சேர்ந்து எழுதிய இல்லினாய் மீன்களைப் பற்றிய பெரிய நூலும் அந்தப் பத்தாண்டில் வந்ததுதான். அதன் வண்ணப் படங்களுக்காகவே இன்றும் தேடுகிறவர்கள் உண்டு.

1906, 1907இல் நடந்த பறவைக் கணக்கெடுப்பையும் சொல்ல வேண்டும். இரண்டு இளைஞர்களை இல்லினாயின் குறுக்கே நடந்தே போகச் சொன்னார். இருவரும் குறிப்பிட்ட இடைவெளி விட்டு இணையாக நடக்க வேண்டும், இடையில் எழும் ஒவ்வொரு பறவையையும் எண்ண வேண்டும், எந்தப் பயிர், எந்தப் புல்வெளி என்று குறிக்க வேண்டும். குதிரைப் படையில் முன்னோட்டம் பார்க்கப் போகிற ஆட்களுக்குக் கொடுக்கிற உத்தரவு போலவே இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்தும், நூறு வருஷம் கழித்தும் அதே கணக்கெடுப்பைத் திரும்பச் செய்து ஒப்பிட முடிந்தது என்றால், முதல் தடவை விதிமுறை அவ்வளவு தெளிவாக இருந்தது என்று பொருள்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டால், ஏரிக் கட்டுரையை முதலில் படியுங்கள். ஒரே அமர்வில் படித்துவிடலாம், கலைச்சொல் பயம் வேண்டாம், மிருகப் பெயர்கள் புரியாத இடத்தைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. அடுத்தது கிரியர்சன் படையெடுப்பு உரை. அதோடு சேர்த்து, அதே ஏழாவது இல்லினாய்ப் படையில் சார்ஜென்டாக இருந்து, எதிரியின் உடையில் முன்னால் போய் உளவு பார்த்த ரிச்சர்ட் சர்பி 1865இல் வெளியிட்ட நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பதினாறு நாளைச் சர்பி சூட்டோடு சூடாக, சாகசமாகச் சொல்கிறார், ஃபோர்ப்ஸ் ஆறின பிறகு எண்ணிப் பார்த்துச் சொல்கிறார். கிரியர்சன் 1892இல் எழுதி முடித்த தன்வரலாறு 2008இல்தான் புத்தகமாக வந்தது. அது தளபதியின் குரல், நீங்கள் வேண்டாம் என்றது, ஆனால் இசை வாத்தியார் என்பதால் சுவாரசியம் குறையவில்லை. ஃபோர்ப்ஸின் பூச்சியியல் அறிக்கைகளை வரிசையாகப் படிக்க முயல வேண்டாம், தூக்கம் வரும். மக்காச்சோள வேர் அசுவினியைப் பற்றியதை மட்டும் எடுத்துப் பாருங்கள்.